வெட்டிய வசனமும் வெட்டாத வசனமும்: 'டு பி ஆர் நாட் டு பி' (1942)

1942 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் முதல்முறையாகத் திரையிடப்பட்ட 'டு பி ஆர் நாட் டு பி' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில் இரண்டு வசனங்கள் பிரச்சினையாயின. ஒன்றைத் தயாரிப்புத் தரப்பே எடுத்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் படத்தில் அது கிடையாது. இன்னொன்றை எடுத்துவிடச் சொல்லி மனைவியும் நெருங்கிய நண்பர்களும் எவ்வளவோ கேட்டும் இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் அசையவில்லை. அந்த வசனம் அப்படியே இருக்கிறது. எண்பது வருடங்களுக்கு மேலாகியும் அதைக் கேட்கிறவர்களுக்கு ஒரு கணம் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒற்றை வாக்கியங்கள்தான். ஒன்றை விட்டுக்கொடுத்தவர்கள் இன்னொன்றை ஏன் விடவில்லை என்று பார்க்கப் போனால் படமே திறந்துகொள்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை அந்த வழியில் போகிறது.

கதை

1939 ஆகஸ்ட், வார்சா. கடைப் பலகைகளில் லுபின்ஸ்கி, குபின்ஸ்கி, லொமின்ஸ்கி என்று போலிஷ் பெயர்கள். திடீரென்று ஜனங்கள் தெருவில் உறைந்து நிற்கிறார்கள். மீசையும் உடுப்புமாக ஹிட்லர் தன்னந்தனியாக நின்று ஒரு இறைச்சிக் கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போரே தொடங்கவில்லை, இவர் எப்படி இங்கே? பார்த்தால், அவர் ப்ரான்ஸ்கி என்ற துக்கடா நடிகர். ஊரிலுள்ள போல்ஸ்கி நாடக அரங்கில் நாஜிகளைப் பற்றி ஒரு நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. தன் ஹிட்லர் வேஷம் எடுபடவில்லை என்று நாடக இயக்குநர் சொன்னதும், ஊரே நம்பும் பார் என்று காட்டத் தெருவில் இறங்கிவிட்டார். பெரியவர்கள் மிரண்டு நிற்கும்போது ஒரு சின்னப் பெண் வந்து, மிஸ்டர் ப்ரான்ஸ்கி, கையெழுத்துப் போட்டுத் தருகிறீர்களா என்று கேட்கிறாள்.

அந்தக் கம்பெனியின் ராஜபார்ட் யோசெஃப் டூரா. நடித்தவர் ஜாக் பென்னி. அவர் மனைவி மரியா, ஊர் கொண்டாடும் நட்சத்திரம், கரோல் லொம்பார்ட். டூரா ஹாம்லெட்டாக மேடையேறி, படத்துக்குத் தலைப்புத் தந்த 'இருப்பதா, இறப்பதா' என்ற வசனத்தை ஆரம்பிக்கும் நேரம் பார்த்து இரண்டாம் வரிசையிலிருந்து ஓர் இளம் விமானி எழுந்து போகிறான். மரியாவின் ஒப்பனை அறைக்குத்தான் போகிறான். அந்த நீண்ட வசனத்தைத்தான் அவள் சமிக்ஞையாகச் சொல்லியிருக்கிறாள். டூராவுக்கு அது தெரியாது. தன் நடிப்பை ஒருவன் பாதியில் விட்டுப் போனான் என்பதே அவருக்குத் தாங்க முடியாத துயரம். அந்தத் துயரத்தில் அவர் சுருண்டு கிடக்கும்போது போர் வந்துவிடுகிறது.

அப்புறம் படம் ஒற்றர் கதையாகிறது. விமானி சொபின்ஸ்கி (ராபர்ட் ஸ்டாக்) இங்கிலாந்தில் போலந்து விமானப் படைப்பிரிவில் இருக்கிறான். வார்சாவில் வாழ்ந்ததாகச் சொல்லும் பேராசிரியர் சிலெட்ஸ்கிக்கு மரியா டூரா யாரென்றே தெரியவில்லை. அதிலிருந்து அவர் நாஜி உளவாளி என்று சந்தேகம் எழுகிறது. விமானிகளின் உறவினர்கள், தலைமறைவு இயக்கத்தினரின் விவரங்களோடு அவர் வார்சாவுக்குப் போகிறார். அந்த விவரங்கள் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ கைக்குப் போகாமல் தடுக்க வேண்டிய பொறுப்பு அந்த நாடகக் கம்பெனியின் தலையில் விழுகிறது. போட முடியாமல் போன நாடகத்தின் நாஜி உடுப்புகளும் செட்டும் இருக்கின்றன. ஹிட்லர் வேஷக்காரரும் இருக்கிறார். அவற்றை வைத்தே நிஜ கெஸ்டபோவை ஏமாற்றுகிறார்கள்.

தையற்காரரின் மகன்

லூபிட்ஷ் 1892இல் பெர்லினில் ஒரு யூதத் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். பத்தொன்பது வயதில் மாக்ஸ் ரெய்ன்ஹார்ட்டின் நாடகக் குழுவில் சேர்ந்து சின்னச் சின்ன வேஷங்கள் கட்டினார். ஈட்டி பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறவனின் மனசு எப்படிப்பட்டது என்பதை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும். படத்தில் ப்ரான்ஸ்கியும் கிரீன்பெர்க்கும் வருஷக்கணக்காக ஈட்டி பிடித்துக்கொண்டு, ஒருநாள் பெரிய வேஷம் கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் படத்துக்கு இருக்கிற பிரியம் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வராது.

மௌனப் பட காலத்தில் ஜெர்மனியின் முன்னணி இயக்குநரானார். நடிகை மேரி பிக்ஃபோர்ட் அழைத்து 1922 கடைசியில் ஹாலிவுட் போனார். பேசும் படம் வந்தபோது, கதவு மூடுவதையும் திறப்பதையும் காட்டியே ஒரு காதலைச் சொல்லிவிடும் அவருடைய பாணிக்கு 'லூபிட்ஷ் டச்' என்று தனிப் பெயரே வந்திருந்தது. நாஜி அரசு 1935இல் அவருடைய ஜெர்மன் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த வருடம் அமெரிக்கக் குடிமகனானார். 1940இல் நாஜிகள் எடுத்த யூத வெறுப்புப் பிரசாரப் படத்தில் அவருடைய முகத்தையும் காட்டினார்கள். போர் அவர் வீட்டு வாசலையே தொட்டுவிட்டுப் போயிருந்தது. 1939 செப்டம்பர் 3 அன்று, பிரிட்டன் போர் அறிவித்த சில மணி நேரத்தில், 'ஏதீனியா' என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கப்பலில் லூபிட்ஷின் பத்து மாதக் கைக்குழந்தை நிக்கோலா தன் தாதியோடு இருந்தாள். இருவரும் தப்பினார்கள்.

அவர் போரை அறியாமல் விளையாடினார் என்று எழுதியவர்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. என் மனசில் இந்தக் கப்பல் செய்திதான் முன்னால் நிற்கிறது.

சுற்றியிருந்தவர்களும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களே. கதைக்கு மூலம் தந்த மெல்கியோர் லெங்யெல் ஹங்கேரிய நாடகாசிரியர். லூபிட்ஷ் முன்பு கிரெட்டா கார்போவை வைத்து எடுத்த நகைச்சுவைப் படத்தின் கதையும் அவருடையதுதான். தயாரிப்பில் கூட்டாளியான அலெக்சாண்டர் கோர்டாவும் அரங்கம் அமைத்த அவர் தம்பி வின்சென்ட்டும் ஹங்கேரியர்கள். ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மேட்டே பிறந்த ஊர் கிராக்கோவ். கர்னல் எர்ஹார்ட்டாக வரும் சிக் ரூமன் ஹாம்பர்க்காரர். கிரீன்பெர்க்காக நடித்த ஃபெலிக்ஸ் ப்ரெஸ்ஸார்ட் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்த யூதர், 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். திரைக்கதை எழுதிய எட்வின் ஜஸ்டஸ் மேயர் நியூயார்க் நாடக மேடையிலிருந்து வந்த அமெரிக்கர்.

ஜாக் பென்னி வேறு வகை. அமெரிக்கா முழுக்க ஞாயிற்றுக்கிழமை வானொலியில் கேட்டுச் சிரித்த குரல் அவருடையது. கஞ்சத்தனமும் தற்பெருமையும் கலந்த ஒரு ஆளாகத் தன்னையே நிகழ்ச்சியில் உருவாக்கி வைத்திருந்தார். சினிமாவில் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அமையவில்லை. டூரா வேஷத்தை லூபிட்ஷ் அவரை மனசில் வைத்தே எழுதவைத்தார். பென்னியின் நிஜப் பெயர் பெஞ்சமின் குபெல்ஸ்கி. அப்பா மேயர் குபெல்ஸ்கி போலந்திலிருந்து குடியேறிய யூதர். மகன் நாஜி உடுப்பில் திரையில் தோன்றியதும் அந்தப் பெரியவர் கோபத்தோடு தியேட்டரை விட்டு வெளியேறிவிட்டார். படம் எதைப் பற்றியது என்று மகன் பொறுமையாக விளக்கிச் சொல்லி மறுபடி பார்க்க வைத்தார். அதற்கப்புறம் அப்பா அந்தப் படத்தை 46 முறை பார்த்தார் என்று பென்னி சொல்லியிருக்கிறார்.

ஒரு வசனம் போனது

படப்பிடிப்பு 1941 நவம்பரில் தொடங்கியது. அப்போது அமெரிக்கா போரில் இல்லை. ஹாலிவுட் படங்கள் மக்களைப் போருக்குத் தூண்டுகின்றன என்று செப்டம்பரில்தான் செனட்டில் விசாரணையே நடந்திருந்தது. டிசம்பர் 7 அன்று பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. நாலு நாளில் ஜெர்மனி அமெரிக்கா மீது போர் அறிவித்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் படப்பிடிப்பு முடிந்தபோது, படம் தொடங்கியபோது இருந்த அமெரிக்கா இல்லை.

கரோல் லொம்பார்ட் இந்தியானா மாநிலத்துக்காரர். 1942 ஜனவரி 15 அன்று அந்த மாநிலத் தலைநகர் இந்தியானாபொலிஸில் போர்க் கடன் பத்திரம் விற்கும் நிகழ்ச்சிக்குப் போனார். ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்கு மேல் விற்றுக் கொடுத்தார். ரயிலில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. சீக்கிரம் வீடு போய்ச் சேர விமானத்தில் ஏறினார். ஜனவரி 16 இரவு, லாஸ் வேகாஸில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விமானம் மலையில் மோதியது. அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். அவருடைய அம்மாவும் கூட இருந்தார். ராணுவ விமானப் படை வீரர்கள் 15 பேரும் இருந்தார்கள். லொம்பார்டுக்கு வயது 33. அந்த ஞாயிற்றுக்கிழமை பென்னி தன் நிகழ்ச்சியை நடத்தவில்லை. அந்த நேரத்தில் இசை மட்டும் ஒலித்தது.

படத்தில் மரியா ஓரிடத்தில், விமானத்தில் அப்படி என்ன நடந்துவிடப் போகிறது என்று கேட்பாள். அதைத்தான் எடுத்தார்கள்.

இந்த முடிவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்திருக்க முடியாது. எழுதியபோது அது சாதாரணப் பேச்சு. ஜனவரி 16க்குப் பிறகு அரங்கிலிருப்பவர்கள் மரியாவை மறந்து லொம்பார்டை நினைப்பார்கள். அந்த வலிக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

லொம்பார்டின் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனசு வரவில்லை. ஒத்திகையில் வதை முகாம் காட்சிக்கு மரியா பளபளக்கும் பட்டு அங்கியோடு வந்து நிற்கிறாள். இருட்டில் கசையடி, அலறல், திடீரென்று விளக்கு எரிய இந்த உடையில் தான் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்கிறாள். இதே பெண் பின்பாதியில் நிஜ உளவாளியின் அறைக்குள் தனியாகப் போய், அவன் கண்ணைப் பார்த்துச் சிரித்துப் பேசி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறாள். இரண்டையும் ஒரே மனுஷி செய்கிறாள் என்று நம்ப வைப்பது எளிதல்ல. அவர் குரலை உயர்த்தாமல், கண்ணை அகட்டாமல் செய்திருக்கிறார்.

ஒரு வசனம் நின்றது

டூரா இப்போது உளவாளி சிலெட்ஸ்கியின் வேஷத்தில், ஒட்டுத்தாடியோடு, நிஜ கெஸ்டபோ தலைவன் எர்ஹார்டின் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் பிசகினால் மரணம். அந்த நிலையிலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. போலந்தின் மாபெரும் நடிகர் யோசெஃப் டூராவைத் தெரியுமா என்று கேட்கிறார். இதற்கு முன் கேட்டவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எர்ஹார்டுக்குத் தெரிகிறது! போருக்கு முன்னால் வார்சாவில் பார்த்திருக்கிறானாம். டூராவின் முகம் மலர்கிறது. எர்ஹார்ட் சொல்கிறான்: அவர் ஷேக்ஸ்பியரை என்ன பாடு படுத்தினாரோ, அதே பாட்டைத்தான் நாங்கள் இப்போது போலந்தைப் படுத்திக்கொண்டிருக்கிறோம். சொல்லிவிட்டு வெடித்துச் சிரிக்கிறான்.

வெளியீட்டுக்கு முன் பொது ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதுவரை அரங்கம் சிரித்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் சிரிப்பு நின்றது. காட்சி முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தபோது லூபிட்ஷின் மனைவி விவியன் அந்த வசனத்தை எடுத்துவிடலாம் என்றார். கூட இருந்த திரைக்கதையாசிரியர்கள் வால்டர் ரைஷ், பில்லி வைல்டர், சார்லஸ் பிராக்கெட், தயாரிப்பாளர் கோர்டா எல்லோரும் அதையே சொன்னார்கள். லூபிட்ஷ் அதிர்ந்து போனார். ஆனால் எடுக்க மறுத்துவிட்டார்.

கேட்டவர்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ரைஷ் வியன்னாவிலிருந்து வெளியேற வேண்டி வந்த யூதர். வைல்டர் 1933இல் பெர்லினிலிருந்து ஓடி வந்தவர். அவருடைய தாய் அப்போது ஐரோப்பாவில்தான் இருந்தார். நாஜிகளின் பிடியில் அவர் உயிரிழந்தது மகனுக்குப் போருக்குப் பிறகுதான் தெரியவந்தது. இப்படிப்பட்டவர்கள் 'வேண்டாம்' என்றால் அது ரசனைப் பிரச்சினையோ வசூல் பயமோ இல்லை. வார்சாவில் அந்த நேரத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் மதிலுக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். லொம்பார்ட் இறந்து நாலு நாள் கழித்து, ஜனவரி 20 அன்று, பெர்லினை ஒட்டிய வான்ஸீயில் நாஜி அதிகாரிகள் கூடி ஐரோப்பிய யூதர்கள் அனைவரையும் என்ன செய்வது என்று நிதானமாகப் பேசி முடித்தார்கள். அமெரிக்காவில் யாருக்கும் அது தெரியாது.

நான் முதல்முறை பார்த்தபோது எனக்கும் அந்த இடத்தில் சிரிப்பு நின்றது. பிறகு பலமுறை அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். வசனத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் போலந்தைக் கேலி செய்வது போலத்தான் தெரிகிறது. ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது? எர்ஹார்டின் வாயிலிருந்து. யார் சிரிக்கிறார்கள்? அவன் மட்டும்தான். எதிரே இருக்கும் டூராவின் முகத்தைப் பாருங்கள். அடிபட்ட முகம். நம் ஊரில் ஒருவர் கேவலமாகப் பாடினால் பாட்டைக் கொலை பண்ணிவிட்டார் என்கிறோம். கேட்கிறவர் சிரிப்பார், அந்தச் சொல்லில் ரத்தம் கிடையாது. எர்ஹார்ட் அதே வகைப் பேச்சைத்தான் பேசுகிறான். ஒரு நாட்டையே கொன்றுகொண்டிருக்கிறோம் என்பதை, மட்டமான நடிப்பைப் பற்றிச் சொல்வது போல, விருந்தாளியை மகிழ்விக்கச் சொல்கிறான். அவன் பல்லைக் கடிக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. அவனுக்கு அது அலுவலக நகைச்சுவை.

இந்த வசனத்தை எடுத்துவிட்டால் எர்ஹார்ட் வெறும் கோமாளியாகிவிடுவான். சும்மா 'ஷுல்ட்ஸ், ஷுல்ட்ஸ்' என்று உதவியாளனைக் கத்தி, எல்லாப் பழியையும் அவன் மேல் போடும் குண்டு அதிகாரி. அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அந்த ஒரு வரி அந்த நிம்மதியைக் கெடுக்கிறது. இதுவரை நாம் சிரித்தது எப்படிப்பட்ட ஆளோடு என்று காட்டுகிறது. விமான வசனம் தந்த வலி வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வசனத்தின் வலி படத்துக்குள்ளேயே பிறந்தது. லூபிட்ஷ் எதற்காக இந்தப் படத்தை எடுத்தாரோ அது அந்த வலிதான். எடுக்க மறுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

விமர்சனமும் பதிலும்

மார்ச் 6 அன்று படம் பரவலாக வெளியானது. மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் போஸ்லி கிரவுதர், இரக்கமற்ற படம் என்று சொன்னால்கூடப் போதாது என்ற தொனியில் எழுதினார். இப்படிச் செயற்கையான ஒரு கதைக்கும் ஒரு தேசத்தின் பெருந்துயரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். சிரிப்பு வந்தால் போதும், எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று லூபிட்ஷ் நினைக்கிறார் போலிருக்கிறது என்றும் எழுதினார். பிலடெல்பியாவில் மில்ட்ரெட் மார்ட்டின் இன்னும் கடுமை. வார்சா மீது குண்டு விழுவதில் வேடிக்கை காணும் பெர்லினில் பிறந்த இயக்குநர் என்ற பொருளில் எழுதினார். பெர்லினில் பிறந்தவர் என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கும்! பெர்லின் அவரை வெளியே தள்ளி ஏழு வருடமாகியிருந்தது.

லூபிட்ஷ் பொதுவாக விமர்சகர்களோடு மல்லுக்கட்டுகிறவர் அல்ல. இந்த முறை எழுதினார். மார்ட்டினுக்கு எழுதிய கடிதத்தில், நான் கேலி செய்தது நாஜிகளையும் அவர்களுடைய அபத்தமான கொள்கையையும்தான் என்றார். எந்த ஆபத்திலும் நடிகர்களாகவே இருந்துவிடுகிற நடிகர்களின் குணத்தையும் கேலி செய்திருக்கிறேன், அது உண்மையான கவனிப்பு என்றே நம்புகிறேன் என்றார். போலந்தின் துயரமும் கேலியும் ஒரே படத்தில் சேருமா என்பது விவாதிக்க வேண்டியதுதான், அதற்கும் குண்டு வீச்சில் வேடிக்கை பார்ப்பதற்கும் வெகு தூரம் என்று முடித்தார்.

'டைம்ஸ்' பத்திரிகையிலும் மார்ச் கடைசியில் ஒரு நீண்ட பதில் எழுதினார். அதில்தான் எல்லாம் இருக்கிறது. சோகக் கதையில் நடுவே கொஞ்சம் சிரிப்பு, சிரிப்புக் கதையில் நடுவே கொஞ்சம் சோகம் என்ற இரண்டு பழைய பக்குவங்களும் தனக்கு அலுத்துவிட்டதாகச் சொன்னார். யாருக்கும் எதிலிருந்தும் எந்த நேரத்திலும் ஆறுதல் தராத ஒரு படம் எடுக்க முடிவு செய்தேன் என்றார். தன் நாஜிகள் ஏன் சவுக்கோடு வெறி பிடித்து நிற்கவில்லை என்பதற்கும் அதில் விளக்கம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை அவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். அடியும் சித்திரவதையும் அவர்களுக்கு அன்றாட வேலை. ஒரு விற்பனையாள் கைப்பை விற்றதைப் பற்றிப் பேசுவது போல அதைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களுடைய நகைச்சுவையே வதை முகாம்களைச் சுற்றித்தான்.

'வதை முகாம் எர்ஹார்ட்' என்பது படத்தில் அவனுக்கு ஊர் வைத்த பட்டப் பெயர். முதலில் டூரா எர்ஹார்டாக வேஷம் போட்டு நிஜ சிலெட்ஸ்கியிடம், என்னை வதை முகாம் எர்ஹார்ட் என்கிறார்களாமே என்று பெருமையாகச் சிரிக்கிறார். வேறு வசனம் தோன்றாததால் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். மிகை நடிப்பு, நாறிப் போகிறது என்று நமக்குப் படும். அப்புறம் நிஜ எர்ஹார்ட் வருகிறான். அதே பெயரைச் சொன்னதும் அவனும் அதே மாதிரி சிரிக்கிறான், அதே சொற்களைச் சொல்கிறான். நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று நினைத்தேன் என்கிறார் டூரா. மட்டமான நடிகனின் கற்பனையும் நிஜ அதிகாரியும் ஒரே அச்சு. லூபிட்ஷ் பதிலில் எழுதிய வாதம் இந்த இரண்டு நிமிடத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒட்டுத்தாடிக் காட்சியும் அப்படித்தான். நிஜ சிலெட்ஸ்கியின் பிணம் கிடைத்துவிடுகிறது. எர்ஹார்ட், வேஷத்திலிருக்கும் டூராவைப் பிணத்தோடு ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறான். பயத்தில் உளறிவிடுவார் என்று கணக்கு. அறையில் சவரக் கத்தி இருக்கிறது. டூராவின் பையில் உபரியாக ஒரு தாடி இருக்கிறது. பிணத்தின் நிஜத் தாடியை மழித்துவிட்டுப் பொய்த் தாடியை ஒட்டுகிறார். வெளியே வந்து, பிணத்தின் தாடியை இழுத்துப் பார்க்கும்படி எர்ஹார்டைத் தூண்டுகிறார். அது கையோடு வருகிறது. நிஜம் பொய்யாகிறது, பொய் நிஜமாகிறது. ஒரு பிணத்தைச் சவரம் செய்வதைக் காட்டாமலேயே நம் மனசில் செய்யவைக்கும் அந்தத் துணிவுதான் கிரவுதரைச் சங்கடப்படுத்தியிருக்கும்.

கிரீன்பெர்க்

என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் நாயகன் கிரீன்பெர்க். துக்கடா வேஷக்காரர். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரன் ஷைலாக்காக நடிக்க வேண்டும் என்பது அவர் வாழ்நாள் ஆசை. படத்தில் 'யூதர்' என்ற சொல் ஓரிடத்திலும் வராது. ஆனால் கிரீன்பெர்க் யார் என்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். மிகை நடிகர் ராவிச்சைப் பார்த்து, நீ எதுவோ அதை நான் சாப்பிட மாட்டேன் என்கிறார். ஆங்கிலத்தில் மிகை நடிகருக்கும் பன்றி இறைச்சிக்கும் ஒரே சொல். ராவிச் கொதித்து, என்னை அந்தச் சொல்லால் அழைப்பதா என்கிறார்.

ஷைலாக்கின் புகழ்பெற்ற பேச்சை அவர் மூன்று முறை சொல்கிறார். முதலில் மேடைக்குப் பின்னால், கனவோடு, ப்ரான்ஸ்கியிடம். இரண்டாவது முறை போருக்குப் பிறகு. முதலில் பார்த்த கடைப் பலகைகள் உடைந்து தொங்கும் ஊரில், குளிரில் பனி வாரிக்கொண்டே. எங்களைக் குத்தினால் ரத்தம் வராதா என்ற வரி அப்போது வேறாகிவிடுகிறது. மூன்றாவது முறை, அரங்குக்கு நிஜ ஹிட்லர் வந்திருக்கும் இரவில், காவலாளிகளின் துப்பாக்கி முன்னால் நின்று, கவனத்தைத் திருப்புவதற்காக. மூலத்தில் 'யூதனுக்குக் கண்கள் இல்லையா' என்று இருப்பதை 'எங்களுக்குக் கண்கள் இல்லையா' என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த 'எங்களுக்கு' என்பதில் போலந்தும் அடங்குகிறது, கிரீன்பெர்க்கும் அடங்குகிறார். பெரிய வேஷம் கடைசியில் கிடைத்துவிட்டது. பார்வையாளர்கள் நாஜிகள். ப்ரெஸ்ஸார்ட் ஒரு சொல்லையும் உரக்கச் சொல்லாமல், நிதானமாக, வேலை செய்கிறவன் போலச் சொல்கிறார். நாட்டை விட்டு வெளியேற்றப்பட்ட ஒரு நடிகர் இதைச் சொல்கிறார் என்பதை நான் மறக்க முடிந்ததில்லை.

சாப்ளின் 1940இல் ஹிட்லரைக் கேலி செய்து எடுத்த படத்தைப் பற்றித் தன் சுயசரிதையில், முகாம்களின் உண்மைப் பயங்கரம் தெரிந்திருந்தால் அப்படி ஒரு படம் எடுத்திருக்க முடியாது என்று எழுதினார். லூபிட்ஷுக்கும் முழுதாகத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் முகாமைக் காட்டவில்லை. முகாமைப் பற்றி அலுவலகத்தில் உட்கார்ந்து சிரிக்கிறவர்களைக் காட்டினார். அது போருக்குப் பிறகும் பொய்யாகவில்லை.

நிஜ வார்சாவில்

வார்சாவில் போல்ஸ்கி அரங்கம் என்று நிஜமாகவே ஒன்று உண்டு. 1913இல் தொடங்கப்பட்டது, இன்றும் இருக்கிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியர்கள் அதைப் பிடுங்கித் தங்கள் நகர அரங்கமாக்கினார்கள். இகோ சிம் என்ற பிரபல போலிஷ் நடிகர் அவர்களோடு சேர்ந்து அதை நடத்தினார். போலிஷ் நடிகர்கள் பலர் நாஜி அனுமதி பெற்ற மேடைகளில் ஏற மறுத்து உணவகங்களில் பரிமாறிப் பிழைத்தார்கள். 1941 மார்ச் 7 அன்று தலைமறைவு இயக்கத்தினர் சிம்மை அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். பதிலுக்கு நாஜிகள் பிணைக்கைதிகளைப் பிடித்துப் பல்மிரி காட்டில் சுட்டார்கள். ஸ்டெஃபான் யாராச், லியோன் ஷில்லர் உள்ளிட்ட நாடகக் கலைஞர்கள் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதாவது, லூபிட்ஷின் படப்பிடிப்பு தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்பே வார்சாவின் நாடக உலகில் துரோகி நடிகன், தலைமறைவுத் தோட்டா, பழிவாங்கல் எல்லாம் நடந்து முடிந்திருந்தன. கதைக்கும் அந்தத் துயரத்துக்கும் என்ன தொடர்பு என்று கிரவுதர் கேட்டார் அல்லவா, நடிகனின் உயிரும் நாட்டின் உயிரும் ஒரே மேடையில் பணயம் வைக்கப்படும் என்ற கற்பனை வார்சாவில் கற்பனையாக இல்லை.

பிறகு

அந்த வருட ஆஸ்கரில் வெர்னர் ஹைமனின் இசைக்கு மட்டும் ஒரு பரிந்துரை கிடைத்தது, விருது இல்லை. 1983இல் மெல் ப்ரூக்ஸ் நடித்து மறு ஆக்கம் வந்தது. 1996இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மூலப் படத்தைப் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்தது. லூபிட்ஷ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1947 நவம்பர் 30 அன்று மாரடைப்பில் இறந்தார், வயது 55. அடக்கம் முடிந்து திரும்பும்போது, இனி லூபிட்ஷ் இல்லை என்றார் வைல்டர். அதைவிடக் கொடுமை, இனி லூபிட்ஷ் படங்கள் இல்லை என்றார் கூட நடந்த இயக்குநர் வில்லியம் வைலர்.

அன்றைக்கு அந்த வசனத்தை எடுத்துவிடச் சொன்னவர்களில் வைல்டரும் ஒருவர். அவர் தன் அலுவலகச் சுவரில், இதை லூபிட்ஷ் எப்படிச் செய்திருப்பார் என்று எழுதி மாட்டி வைத்திருந்தார். 1953இல் அவரும் ஒரு போர்க்காலப் படம் எடுத்தார். ஜெர்மன் சிறை முகாமுக்குள் நடக்கும் கதை, சிரிப்பும் மரணமும் பக்கத்தில் பக்கத்தில். அதில் முகாமின் ஜெர்மன் சார்ஜென்ட் வேஷத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தவர் சிக் ரூமன். பாத்திரத்தின் பெயர் ஷுல்ட்ஸ்.